குருத்தைப் பிரித்துப் பார்த்தீர்களா?

கேள்வி: புரட்டாசிக் கடைசியில் கரிசலில் மானாவாரியாக மூணு ஏக்கர் மக்காச்சோளம் போட்டேன். இருபத்திரண்டு நாள் பயிர். இலையில் வரிசையாக ஓட்டை, குருத்தில் மரத்தூள் மாதிரி ஏதோ கிடக்கிறது. ரெண்டு தடவை மருந்து அடித்தும் அடங்கவில்லை.
- வேப்பந்தட்டை வாசகர்

பதில்: அந்தத் தூள் புழுவின் எச்சம். படைப்புழுதான். சந்தேகம் இருந்தால் ஒரு குருத்தைப் பிரித்து, உள்ளே இருப்பதை உள்ளங்கையில் விட்டுப் பாருங்கள். கவட்டையைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி நெற்றியில் வெள்ளைக் கோடு, வால் பக்கம் சதுரமாக நாலு கரும்புள்ளி இருக்கும்.

ரெண்டு தடவை அடித்தேன் என்கிறீர்கள், எங்கே அடித்தீர்கள்? 2018-ல் இந்தப் புழு கர்நாடகாவில் முதலில் தென்பட்டு, நம் விதைப்புப் பட்டத்துக்குள் இங்கேயும் வந்துவிட்டது. அப்போது நானும் கடைக்காரர் கலக்கிக் கொடுத்த மூணு மருந்தை உச்சி வெயிலில் இலை மேலே மழை மாதிரி அடித்தேன். இலை கருகியது, புழு கருகவில்லை. சாயங்காலம் பிரித்துப் பார்த்தால், எச்சம் தக்கை மாதிரி குருத்தை அடைத்திருக்கிறது. அதற்குக் கீழே ஐயா சுகமாக இருக்கிறார்.

அதனால் முதலில் எண்ணுங்கள். வயலில் அஞ்சு இடத்தில் இருபது இருபது செடி பாருங்கள். நூற்றுக்குப் பத்தில் புழு இருந்தால் மருந்து. எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. (தண்ணீரில் கரையும் குருணை), பத்து லிட்டர் தண்ணீருக்கு 4 கிராம். வேறெதையும் கூட்ட வேண்டாம். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும், கைத்தெளிப்பான் முனையைக் குருத்துக்கு நேர் மேலே பிடித்து, வாய் நிறைகிற மாதிரி விடுங்கள். புழு சிறிசாக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும்; பெரிசானது லேசில் அசையாது. பயிருக்கு நாற்பது நாள் ஆகும் வாக்கில் மறுபடி தேவைப்பட்டால் அதே மருந்து கூடாது. ஸ்பினிடோரம் 12 எஸ்.சி. (திரவ மருந்து), பத்து லிட்டருக்கு 5 மி.லி.

மூக்கில் துணி கட்டாமல் அடிக்காதீர்கள். அடித்த பயிரை அறுத்து மாட்டுக்கும் போடாதீர்கள். அடுத்த பட்டத்தில் கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கு போட்டு, ஓரத்தில் தட்டைப்பயறோ எள்ளோ விதையுங்கள்.

கேள்வி: மக்காச்சோளத்தின் இளம் இலையில் நடு நரம்புக்கு ரெண்டு பக்கமும் வெள்ளைப் பட்டை ஓடுகிறது. நோயா?
- ஆத்தூர் வாசகர்

பதில்: நீங்கள் சொல்கிற அடையாளத்துக்குத் துத்தநாகக் குறைதான். பத்து லிட்டர் தண்ணீரில் ஜிங்க் சல்பேட் 50 கிராம், யூரியா 100 கிராம் கரைத்துத் தெளியுங்கள். அடுத்த முறை அடியுரமாக ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை மணலில் கலந்து தூவிவிடுங்கள். டி.ஏ.பி. உரத்தோடு கலந்துவிடாதீர்கள், ரெண்டும் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும்.

கேள்வி: போன வருஷம் மக்காச்சோளக் கதிர் பெரிசாக வந்தும் பாதிக்குப் பாதி பொக்கை. விதைதான் மோசமா?
- உடுமலை வாசகி

பதில்: விதையைத் திட்டுவதற்கு முன்னால், பூத்த சமயத்தில் எத்தனை நாள் தண்ணீர் இல்லாமல் கிடந்தது என்று யோசித்துப் பாருங்கம்மா. கதிர் நுனியில் பட்டுநூல் மாதிரி தொங்குகிறதே, அதில் ஒரு நூலுக்கு ஒரு மணி. மேலே ஆண்பூவின் மகரந்தம் அந்த நூலில் விழுந்தால்தான் மணி பிடிக்கும். நிலம் காய்ந்தால் நூல் வெளியே வரத் தாமதமாகும், அதற்குள் மகரந்தம் கொட்டித் தீர்ந்துவிடும். நுனி மணி கடைசியில் நூல் விடுவதால் முதலில் அடிபடுவது அதுதான். பொக்கை நுனியில் மட்டும் என்றால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். நூலே கத்தரித்த மாதிரி குட்டையாக இருந்தால் புழு.

விதைத்து ஐம்பதிலிருந்து அறுபத்தைந்து நாள் வரை வேறு வயலுக்குத் தண்ணீரைத் திருப்பாதீர்கள். அந்த நாட்களில் காலையில் மருந்தும் அடிக்காதீர்கள், மகரந்தம் கொட்டுகிற நேரம் அது.