எலான் விளக்கு மேட்டில் கண்மூடுகிறதா? வால்வைப் பாருங்கள்

சிங்கப்பூர் புக்கிட் தீமா மேட்டில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் உங்கள் 1967 லோட்டஸ் எலானின் இரண்டு முன்விளக்குகளும் உள்ளே இறங்கிக் கண்ணை மூடிக்கொள்கின்றன, காலை எடுத்தால் எழுகின்றன என்கிறீர்கள். மோட்டாரை மாற்றச் சொன்ன மெக்கானிக்குக்கு ஒரு கும்பிடு போட்டுவிடுங்கள். அந்தக் காரில் விளக்கைத் தூக்க மோட்டாரே கிடையாது!

தூக்குவது, எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டின் வெற்றிடம். அது போனால் ஸ்பிரிங் கீழே இழுத்துவிடும். நன்றாக மிதிக்கும்போது மேனிஃபோல்டில் வெற்றிடம் குறையும். தொட்டியில் சேமித்துவைத்த வெற்றிடம் அந்த நேரத்தில் வீணாகாமல் காப்பது குழாயில் உள்ள ஒருவழி வால்வு. எனக்கு அதன்மேல்தான் சந்தேகம். கழற்றித் துடைத்துவிட்டு ஊதிப் பாருங்கள். ஒரு பக்கம் காற்று போகணும், மறுபக்கம் துளியும் போகக் கூடாது.

வால்வு நன்றாக இருந்தால் அப்புறம்தான் தலைவலி. வெற்றிடத்தைச் சேமிக்கும் தொட்டி, காரின் அடிச்சட்டமான சேஸிஸின் முன் குறுக்குச் சட்டமேதான். உள்ளே வெறும் காலி. நம் ஊர் ஈரத்துக்குக் கேட்கவா வேண்டும்? என்னுடையதில் குண்டூசி முனை அளவுக்குத் துரு ஓட்டை, அதைக் கண்டுபிடிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. சட்டத்துக்குப் போகும் குழாயில் கேஜ் வைத்த கை வேக்யூம் பம்பை மாட்டி இழுங்கள். மற்ற வாய்களை அடைத்துவிடுங்கள். ஒரு கோப்பி ஓ (பால் இல்லாத காப்பி) குடித்து முடிப்பதற்குள் முள் இறங்கினால் ஓட்டைதான்.

அப்படியானால் சட்டத்தை வெல்டிங் செய்யப் போகாதீர்கள். தனியாக ஒரு சின்ன இரும்புத் தொட்டியை முன்னால் பொருத்தி, குழாய்களை அதற்கு மாற்றிவிடுங்கள். நான் அதைத்தான் செய்தேன். பழைய ரப்பர் குழாய்களையும் கையோடு மாற்றுங்கள்.