நொல்வென் என்ற பெயரும் ‘வெண்’ என்ற சொல்லும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பிரான்சின் ரென் நகரில் வாழும் என் மகனுக்குச் சென்ற மாதம் பெண் குழந்தை பிறந்தது. மருமகள் பிரான்சின் வடமேற்கு மூலையிலுள்ள பிரிட்டனியைச் சேர்ந்தவள். குழந்தைக்கு ‘நொல்வென்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது கெல்திய மொழிப் பெயர் என்றும், ‘வென்’ என்றால் வெண்மை என்றும் மருமகள் சொல்கிறாள். அப்படியானால் அது நம் ‘வெண்’தானே? பேத்தியை நான் ‘வெண்ணிலா’ என்று அழைத்தால் பெயரின் பொருள் மாறாமல் இருக்குமா?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: மருமகள் சொன்ன பொருள் சரி, அதை வைத்து நீங்கள் கட்டிய உறவுதான் நிற்காது. ஓசை ஒத்திருந்தால் உடனே சம்பந்தம் பேசிவிடும் ஆசை நம்மில் பலருக்கு உண்டு. எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது. ஆனால் சொற்களுக்குள் உறவு உண்டா என்று பார்க்க வேண்டுமானால், அவற்றின் இன்றைய உருவத்தை விட்டுவிட்டுப் பழைய உருவங்களைத்தான் ஒப்பிட வேண்டும்.

தமிழில் வேர் ‘வெள்’ என்பது. வெள்ளை, வெள்ளி, வெளிச்சம் ஆகிய சொற்களில் அந்த ளகரம் அப்படியே இருக்கிறது. கன்னடத்தின் ‘பெள்ளி’யிலும் அதுவே. ‘மை’ என்ற விகுதியோ ‘நிலா’ என்ற சொல்லோ வந்து சேரும்போதுதான் ளகரம் ணகரமாகி வெண்மை, வெண்ணிலா என்று ஆகிறது. பிரிட்டனியின் பழைய மொழியான பிரெத்தோனில் வெண்மையைக் குறிக்கும் சொல் ‘குவென்’. கூட்டுச் சொல்லில் இரண்டாவதாக வரும்போது அதன் முதல் மெய் தேய்ந்து ‘வென்’ என்று ஒலிக்கிறது. பிரெத்தோன், வேல்ஸ், ஐரிஷ் மொழிகளுக்கெல்லாம் மூதாதையான பழங்கெல்தியத்தில் அதன் உருவம் ‘விந்தோஸ்’ என்பது. அயர்லாந்தில் அது ‘பியோன்’ ஆனது. ஆக, நம் ‘வெண்’ணில் உள்ள ணகரம் ளகரத்தின் பிள்ளை, அவர்கள் ‘வென்’னில் உள்ள னகரம் ‘ந்த்’ என்ற இணைப்பின் பிள்ளை. இரண்டும் வெவ்வேறு வீட்டில் பிறந்து, வழியில் ஒரே நிறத்துச் சட்டையோடு சந்தித்துக்கொண்டவை.

‘விந்தோஸ்’ என்பதைக் காணுதல், அறிதல் என்று பொருள்படும் இந்தோ-ஐரோப்பிய வேர் ஒன்றோடு மொழியியலார் சேர்க்கிறார்கள். வேதம், வித்யா ஆகிய வடசொற்களும் அந்த வேரிலிருந்து கிளைத்தவையே. ஆகவே உங்கள் பேத்தியின் பெயருக்கு இந்தியாவில் தூரத்துச் சொந்தம் வேண்டுமென்றால், வெண்ணிலாவை விட்டு ‘வித்யா’வைத்தான் தேடிப் போக வேண்டும். பக்கத்துச் சொந்தமும் உண்டு. வேல்ஸ் நாட்டின் ‘குவென்ஹுய்வர்’ என்ற பழைய பெயரின் கார்ன்வால் வடிவமே நம் ஊரில் வெகுவாகப் புழங்கும் ‘ஜெனிபர்’. அதன் முற்பாதியில் இருப்பதும் இதே ‘குவென்’தான்.

இனி முற்பாதிக்கு வருவோம். ‘நொல்’ என்பது ‘நொயால்’ அல்லது ‘நொவால்’ என்ற ஊர்ப் பெயரின் சுருக்கம். மொர்பியான் மாவட்டத்தில் பொந்திவி நகரை ஒட்டி நொயால்-பொந்திவி என்ற ஊர் இருக்கிறது. (பொந்திவிக்குப் பிரெத்தோன் மொழியில் ‘பொந்தி’ என்றே பெயர், பாண்டிக்காரர்கள் சிரித்துக்கொள்ளலாம், ஆனால் இதற்கும் நமக்கும் உறவில்லை, அது ‘இவி’ என்ற துறவியின் பாலம் என்று பொருள்படுவது.) நொயால் என்ற பெயர் புதிதாகக் காடு திருத்திய நிலத்தைக் குறித்தது என்பதே பொதுவாகத் தரப்படும் விளக்கம். புதுச்சேரிப் பாட்டிக்கு இதைவிட நல்ல செய்தி வேறு என்ன இருக்க முடியும்?

பிரெத்தோனில் ‘குவென்’ என்பதற்கு வெள்ளை என்பதோடு புனிதம், பேறு என்ற பொருள்களும் உண்டு. எனவே நொல்வென் என்பது ‘நொயாலின் புனிதவதி’ என்ற அளவில் நிற்கும் ஓர் அடைபெயர். இப்போது நம் காரைக்கால் அம்மையாரை நினைத்துப் பாருங்கள். பெற்றோர் இட்ட பெயர் புனிதவதி. உலகம் அவரை அறிந்ததோ ஊரின் பெயரால். ஓசையில் நீங்கள் தேடிய ஒற்றுமை, பெயர் அமைந்த முறையில் இருக்கிறது.

கதையிலும் ஒற்றுமை உண்டு. கடலுக்கு அப்பாலிருந்த பிரித்தானியத் தீவிலிருந்து தம் செவிலித்தாயோடு ஓர் இலையின் மீது மிதந்து பிரிட்டனிக் கரை சேர்ந்தாராம் இந்தப் பெயருக்குரிய புனிதர், அதாவது ஊர்ப் பெயராலேயே அறியப்படும் புனித நொயால். அந்த நாட்டுக் கொடுங்கோலன் ஒருவன் அவரை மணக்க விரும்ப, அவர் மறுக்க, அவன் அவருடைய தலையை வெட்டிவிடுகிறான். அவரோ வெட்டுண்ட தம் தலையைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்து, தாம் ஓய்வுகொள்ள விரும்பிய இடத்தை அடைகிறார். நொயால்-பொந்திவியில் அவர் பெயரில் 15ஆம் நூற்றாண்டின் சிற்றாலயம் ஒன்று இருக்கிறது. கல்லோடு பிணைத்துக் கடலில் எறியப்பட்ட அப்பர் கரையேறிய இடம் என்று கரையேறவிட்டகுப்பத்தைக் காட்டும் கடலூர்க்காரர்களுக்கு இலையில் மிதந்து வந்தது வியப்பாக இராது. தலையாலே நடந்து கயிலை சென்ற அம்மையாரை அறிந்தவர்களுக்குத் தலையை ஏந்தி நடந்ததும் புதிதாக இராது. புனித நொயாலின் திருநாள் ஜூலை 6. காரைக்காலில் மாங்கனித் திருவிழா நடக்கும் ஆனி மாதத்தில்தான் அதுவும் வருகிறது.

வெண்ணிலா என்று தாராளமாக அழையுங்கள். அது பெயரின் மொழிபெயர்ப்பு என்று மட்டும் மருமகளிடம் சொல்லாதீர்கள். மொழிபெயர்ப்பே வேண்டுமென்றால் ‘புனிதவதி’ என்பது இருக்கிறது.

கேள்வி: ஆரோவில்லுக்கு வந்திருந்த நொல்வென் என்ற பெண்மணி, தம் பெயர் பழைய புனிதர் ஒருவரின் பெயர் என்றார், ஆனால் தம் பாட்டியின் காலத்தில் அந்தப் பெயரை யாரும் வைத்ததில்லை என்றும் சொன்னார். இரண்டும் எப்படிப் பொருந்தும்?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: இதே பெயரைப் பற்றி இரண்டு கடிதங்கள் வந்தது தற்செயல், சேர்த்தே சொல்லிவிடுகிறேன். புனிதர் பழையவர், பெயரிடும் வழக்கம் புதியது, அவ்வளவுதான்.

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து நாட்காட்டியின்படி 11ஆம் ஆண்டு ஜெர்மினால் 11ஆம் நாள், அதாவது 1803 ஏப்ரல் 1 அன்று வந்த சட்டம், பல்வேறு நாட்காட்டிகளில் வழங்கும் பெயர்களையும் பண்டைய வரலாற்றில் அறியப்பட்டோரின் பெயர்களையும் மட்டுமே பிறப்புப் பதிவேட்டில் ஏற்கலாம் என்றது. எது ‘நாட்காட்டிப் பெயர்’ என்பதைப் பதிவேட்டின் முன் அமர்ந்திருந்த அலுவலர் முடிவு செய்தார். ஊரார் கும்பிட்ட புனிதராகவே இருந்தாலும், அவருடைய பிரெத்தோன் பெயரை அலுவலர் மறுத்துவிட முடியும். அதனால் வீட்டில் ஒரு பெயர், பதிவேட்டில் ஒரு பெயர் என்று வாழ்ந்தவர்கள் பலர். பள்ளியில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று இரண்டு பெயரோடு வளர்ந்த நமக்கு இது புரியும். ஆனால் நம்மை யாரும் சட்டம் போட்டு அப்படி வைத்திருக்கவில்லை. பிரிட்டனியின் சேன்-மாலோவில் பிறந்த, 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் மாஹே தெ லாபூர்தொனேயின் பெயரில் புதுச்சேரியில் ஒரு வீதி இருக்கிறது. அவருக்கு இட்டதோ பெர்த்ரான் பிரான்சுவா என்ற பிரெஞ்சுப் பெயர். அந்த ஊர் பிரெத்தோன் வழங்காத கிழக்குப் பகுதி என்றாலும், சட்டத்திற்கு முன்பே காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதற்கு அது ஓர் அடையாளம்.

இந்தச் சட்டத்தை எதிர்த்து நின்றவர்களில் பெயர் பெற்றது லெ கோர்னிக் குடும்பம். அவர்களுடைய பன்னிரண்டு பிள்ளைகளில் ஆறு பேருக்கு இட்ட பிரெத்தோன் பெயர்கள் பதிவேட்டில் ஏறவில்லை. சட்டத்தின் கண்ணில் அந்தப் பிள்ளைகள் பிறக்கவே இல்லை. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1966இல் வந்த அரசு அறிவுறுத்தல் வட்டாரப் பெயர்களுக்கு இடம் கொடுத்தது. 1993 ஜனவரி 8ஆம் நாள் சட்டமோ பெயரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பெற்றோரிடமே விட்டுவிட்டது. அப்போதும் பிணக்கு முழுவதும் ஓயவில்லை. 2017இல் ‘பாஞ்ச்’ என்ற பெயரில் ஓர் எழுத்தின் தலைமேல் வரும் சிறு சுழி பிரெஞ்சு எழுத்தில் இல்லை என்று கெம்பேர் நகரில் மறுத்தார்கள். மறு ஆண்டு நவம்பரில் ரென் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை அனுமதித்தது. ஒரு சுழிக்காக நீதிமன்றம் ஏறிய பெற்றோரை நான் மெச்சுகிறேன். னகர ணகர வேறுபாடு போனால் போகட்டும் என்று விட்டுவிடும் நம் அழைப்பிதழ்களை நினைத்தால் இன்னும் கூடுதலாக மெச்சத் தோன்றுகிறது.

தடை தளர்ந்த பிறகு, பிரெத்தோன் இசையும் மொழிப்பற்றும் எழுச்சி பெற்ற 1970களையொட்டி, நொல்வென் மெல்லப் பரவியது. அப்போதும் பெரும்பாலும் பிரிட்டனிக்குள்தான். நாடெங்கும் அதைக் கொண்டு சென்றது ஒரு தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி. பிரிட்டனியில் பிறந்த நொல்வென் லெரோய் என்ற பாடகி ‘ஸ்டார் அகாதெமி’ நிகழ்ச்சியில் 2002 டிசம்பரில் வென்றார். அதையடுத்த ஆண்டுதான் இந்தப் பெயருக்கு உச்சம். ஒரு நடிகை புகழ் பெற்ற நாலைந்து ஆண்டுகளில் அங்கன்வாடிப் பதிவேட்டில் ஒரே பெயர் நான்கு முறை வருவதை நாமும் பார்த்திருக்கிறோம். பிறகு அலை இறங்கியது. இன்று நொல்வென் என்று கேட்டால் பிரெஞ்சுக்காரர்கள் முதலில் பிரிட்டனியைத்தான் நினைப்பார்கள். அந்த மண்ணுக்கு வெளியே அது அரிய பெயரே.

கேள்வி: (முத்தியால்பேட்டை வாசகியின் கடிதத்திலிருந்தே) பெயர் சூட்டும் விழா அழைப்பிதழைத் தமிழிலும் அச்சிடுகிறோம். நோல்வென், நொல்வேன், நொல்வெண் – எது சரி?

பதில்: மூன்றும் வேண்டாம், ‘நொல்வென்’ என்றே அச்சிடுங்கள். இரண்டு உயிரும் குறில். இறுதி ஒலி பல பிரெஞ்சுச் சொற்களில் வருவதுபோல மூக்கொலியாகக் கரையாமல், னகரமாக முழுமையாக ஒலிக்க வேண்டும். ணகரம் போட்டால் மேலே நான் பிரித்துவைத்த இரண்டு குடும்பங்களையும் அச்சகத்தார் மறுபடி சேர்த்துவைத்துவிடுவார். ‘நொல்வேன்’ என்று நீட்டினால் ‘சொல்வேன்’ போல வினைமுற்றாகிவிடும். எதை நொல்வாள் குழந்தை என்று விருந்தினர் கேட்பார்கள்.