டிட்டர்மினன்ட் என்றால் அணிக்கோவை

கேள்வி: அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள் நான். பிளஸ் டூவில் கணக்கில் 91. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் சென்னைப் பக்கம் ஓர் இன்ஜினியரிங் கல்லூரியில் இசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) கிடைத்திருக்கிறது. வகுப்பு தொடங்க மூன்று வாரம்தான் இருக்கிறது. சீனியர் அக்கா முதலாண்டுக் கணக்குப் பாடத்திட்டத்தை அனுப்பினார். எல்லாம் இங்கிலீஷ், ஒரு வரிகூடப் புரியவில்லை. கோட்டாவில் வந்தவள் என்று பேசுவார்களோ என்றும் பயம். ராத்திரியில் தூக்கமே வருவதில்லை. பேசாமல் சீட்டை விட்டுவிடலாமா?
– ஒரு மாணவி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: மகளே, சீட்டை விடாதே. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1984-ல் நான் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தேன். நானும் தமிழ் வழிதான். முதல் வாரத்தில் பேராசிரியர் ஒருவர் ஒரு மணி நேரம் டிட்டர்மினன்ட் நடத்தினார். அந்தச் சொல்லையே நான் கேட்டதில்லை. போர்டைப் பார்க்கப் பயந்து, குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் பக்கத்து பெஞ்சுக்காரியின் நோட்டைப் பார்த்தால், இரண்டு பக்கமும் நேர்க்கோடு, நடுவே மூன்று வரிசையாக எண்கள். அட, அணிக்கோவை! பள்ளியில் மற்றவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த பாடம். வீணாய்ப் போன அந்த ஒரு மணி நேரத்தை நினைத்து அன்று விடுதியில் அழுதேன்.

அப்புறம் 26 வருடம் இன்ஜினியரிங் முதலாண்டுக்குக் கணக்கு எடுத்தேன். ஒவ்வொரு வருடமும் உன்னைப் போலச் சிலர் பின் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குக் கணக்கு தெரியும். கணக்கின் இங்கிலீஷ் பெயர்தான் தெரியாது.

ஐகன் வேல்யூ என்று ஒன்று வரும். உன் பிளஸ் டூ புத்தகத்தில் அது இல்லை. சரி, ஒரு தாளை எடு. ஓர் அணி எழுது. முதல் வரிசையில் 2, 1. இரண்டாவது வரிசையில் 1, 2. மூலைவிட்டத்தில் இருக்கும் இரண்டு 2-லிருந்தும் லாம்டாவை, அதாவது நாம் கண்டுபிடிக்க வேண்டிய எண்ணை, கழி. அணிக்கோவை கண்டுபிடித்து, பூச்சியத்துக்குச் சமப்படுத்து. லாம்டா வர்க்கம், கழித்தல் 4 லாம்டா, கூட்டல் 3 என்று ஓர் இருபடிச் சமன்பாடு வரும். விடை 1, 3. அவ்வளவுதான், அவையே ஐகன் வேல்யூ. இதில் நீ செய்யாத வேலை எது? பார்ஷியல் டெரிவேட்டிவ் என்று மிரட்டுவதும் நீ பிளஸ் டூவில் போட்ட பகுதி வகைக்கெழுதான்.

இந்த மூன்று வாரத்தில் புதுப் பாடம் எதையும் படிக்காதே. உன் பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தின் ஆங்கில வழிப் பிரதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வை. ஒரு நாற்பது பக்க நோட்டில் இடது பக்கம் தமிழ்ச் சொல், வலது பக்கம் இங்கிலீஷ் சொல். சார்பு, பங்ஷன். தொகையிடல், இன்டக்ரேஷன். நேர்மாறு அணி, இன்வர்ஸ் மேட்ரிக்ஸ். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுது. இயற்பியலுக்கும் இப்படியே செய்.

புரோகிராமிங் விஷயம் வேறு. பள்ளியிலேயே கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்கள் உனக்கு முன்னால்தான் இருப்பார்கள், அதை மறைக்க மாட்டேன். லேபுக்குப் போகும் முன்பே புரோகிராமைத் தாளில் எழுதி, ஒவ்வொரு வரியிலும் எந்த எண் மாறுகிறது என்று பென்சிலால் குறித்துக்கொள். என் மாணவிகளுக்கு இது கைகொடுத்தது.

கோட்டா என்று யாராவது சொன்னால் குனியாதே. 2021-ல் சட்டசபை நிறைவேற்றிய சட்டத்தின்படி உனக்கு வந்த இடம் அது. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளிதான் என்றால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு. கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும், விட்டுவிடாதே.

கல்லூரி நடத்தும் முதல் இன்டர்னல் தேர்வில் மதிப்பெண் குறையலாம். தாளை மடித்துப் பைக்குள் வைக்காமல் அன்றைக்கே ஆசிரியரிடம் எடுத்துக்கொண்டு போ. தமிழிலேயே கேள். அந்த மதிப்பெண்ணை எனக்கும் எழுது.