தட்டச்சு வேகமும் விசைப்பலகையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 45 சொற்கள் வரை வந்துவிட்டேன். அதன் பிறகு தினமும் முழு வேகத்தில் அடித்துப் பார்த்தும் எண் நகரவில்லை. இதற்கு மேல் என் விரல்களால் முடியாதா?

பதில்: விரல்களைக் குறை சொல்வதற்கு முன், அந்த 45 எதைக் குறிக்கிறது என்று பார்த்துவிடுவோம். ஆங்கிலத் தட்டச்சுச் சோதனைகளில் இடைவெளி உட்பட ஐந்து அழுத்தங்களை ஒரு சொல்லாகக் கணக்கிடுவது வழக்கம். ஆகவே 60 சொற்கள் என்றால் நிமிடத்துக்கு 300 அழுத்தங்கள். ஓர் அழுத்தத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஓரளவு பழகிய எவருடைய விரலுக்கும் இது கடினமான வேகம் அன்று. நீங்கள் நேரத்தை இழப்பது திருத்தத்திலும் தயக்கத்திலும்தான்.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். மூன்றெழுத்துச் சொல் ஒன்றை இடைவெளியோடு சரியாக அடித்தால் நான்கு அழுத்தங்கள். கடைசி இரண்டு எழுத்துகள் இடம் மாறி விழுந்து, அதை இடைவெளியும் தட்டிய பிறகு கவனித்தீர்கள் என்றால், மூன்று முறை பேக்ஸ்பேஸ், பிறகு மீண்டும் மூன்று அழுத்தங்கள் என மொத்தம் பத்து ஆகிவிடுகிறது. நிமிடத்தில் ஐந்து இடங்களில் இப்படி நேர்ந்தால் 30 அழுத்தங்கள், அதாவது 6 சொற்கள் வீண். தவறைக் கண்டு திடுக்கிட்டு நிற்கும் நேரம் இந்தக் கணக்கில் சேரவில்லை.

முழு வேகத்தில் மட்டுமே பழகும்போது தவறுகளும் சேர்ந்தே பழக்கமாகின்றன. எனவே சில வாரங்களுக்கு 38 அல்லது 40 சொற்களுக்கு இறங்கி, நூற்றுக்கு 97 அல்லது 98 அழுத்தங்கள் சரியாக விழும்வரை அந்த வேகத்திலேயே இருங்கள். எந்த எழுத்து இணைகளில் விரல் தடுமாறுகிறது என்பதைக் குறித்துவைத்து, அவை வரும் சொற்களை மட்டும் தனியே அடித்துப் பழகுங்கள். பெரும்பாலும் ஒரே விரல் அடுத்தடுத்து இரு வரிசைகளுக்குத் தாவ வேண்டிய இணைகளாகவோ, சுண்டுவிரலுக்கு வேலை வரும் இடங்களாகவோ அவை இருக்கும். கண், விரலுக்கு ஒரு சொல்லாவது முன்னால் செல்ல வேண்டும். விரல் அடிக்கும் எழுத்தையே கண்ணும் பார்த்துக்கொண்டிருந்தால், ஒவ்வொரு சொல்லின் இறுதியிலும் ஒரு நிறுத்தம் விழும். விடுமுறை நாளில் இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட அன்றாடம் 15, 20 நிமிடங்கள் பழகுவது மேல்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எளிய சொற்களை மட்டும் வரிசையாகக் கொடுக்கும் சோதனைகளில் கிடைக்கும் எண்ணை நம்ப வேண்டாம். பெரிய எழுத்து, காற்புள்ளி, மேற்கோள்குறி, எண்கள் எல்லாம் கலந்த ஒரு பத்தியை அடித்துப் பார்த்தால்தான் உண்மையான வேகம் தெரியும்.

கேள்வி: மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கினால் வேகம் கூடும் என்கிறார்கள். சிவப்பு, பழுப்பு, நீலம் என்று ஸ்விட்சுகளில் பல வகை இருக்கின்றன. எதை வாங்கலாம்?

பதில்: வேகத்துக்காக மட்டும் என்றால் வாங்க வேண்டாம்.

சாதாரண மெம்பிரேன் கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு ரப்பர்க் குமிழ் இருக்கிறது. அது அமுங்கி அடித்தட்டைத் தொடும் அளவுக்கு அழுத்தினால்தான் எழுத்து பதிவாகும். மெக்கானிக்கல் வகையில் ஒவ்வொரு விசைக்கும் தனி ஸ்பிரிங் கொண்ட ஸ்விட்ச் உண்டு. பலரும் அளவுகோலாகக் கொள்ளும் செர்ரி எம்எக்ஸ் சிவப்பு ஸ்விட்சில் விசை மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும். ஆனால் 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து பதிவாகிவிடும். அதற்குத் தேவையான அழுத்தம், ஏறக்குறைய 45 கிராம் எடையை விசையின்மேல் வைத்தால் ஏற்படும் அளவு. பாதி வழியிலேயே விரலை எடுத்துவிடலாம், ஆகவே வேகம் கூடும் என்பதுதான் விற்பவர்களின் வாதம். நடைமுறையில், இயல்பாகத் தட்டச்சு செய்யும்போது பெரும்பாலோர் விசையை அடிவரை அழுத்தவே செய்கிறார்கள். பழைய கையியக்கத் தட்டச்சுப்பொறியில் பழகியவர்கள் என்றால் கேட்கவே வேண்டாம்.

நல்ல விசைப்பலகையால் கிடைப்பது வேறு. அழுத்தியது பதிந்ததா என்ற ஐயம் எழாது; ஒரே எழுத்து இருமுறை விழுவதும், விழாமல் போவதும் குறையும்; நான்கு மணி நேரம் அடித்த பிறகும் விரல்கள் அவ்வளவாகச் சோர்வதில்லை. இப்போது வைத்திருக்கும் பலகையில் இடைவெளி விசையின் ஓரத்தில் தட்டினால் பதிவாகவில்லை, சில விசைகள் ஆட்டம் கண்டுவிட்டன என்றால், புதிய பலகை உங்கள் வேகத்தை உண்மையாகவே மீட்டுத்தரும்.

வகைகளைப் பொறுத்தவரை, சிவப்பு தடையின்றி நேராக இறங்கும். பழுப்பில் எழுத்து பதியும் இடத்தை ஒட்டி விரலுக்கு மெல்லிய தட்டுணர்வு கிடைக்கும். நீலத்தில் அந்த உணர்வோடு ‘டிக்’ என்ற ஓசையும் எழும். நீண்ட நேரம் எழுதுபவர்களுக்கு நான் முதலில் சொல்வது பழுப்பு. அது பிடிக்காவிட்டால் சிவப்பு. நீலத்தை, தனி அறை உள்ளவர்கள் மட்டும் வாங்குவது உடன் இருப்பவர்களுக்குச் செய்யும் உதவி. 1.2 மில்லிமீட்டரிலேயே பதிவாகும் ‘ஸ்பீட்’ வகைகளைத் தட்டச்சுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். விசைமேல் ஓய்வாக வைத்திருக்கும் விரல் சற்றே அழுந்தினாலும் எழுத்து விழுந்துவிடும். அதைத் திருத்துவதில், மிச்சம் பிடித்த நேரமெல்லாம் போய்விடும்.

ஸ்விட்சைவிட முக்கியமான ஓர் அளவைப் பலர் பார்ப்பதில்லை. ஒரு விசையின் நடுவிலிருந்து பக்கத்து விசையின் நடு வரை 19 மில்லிமீட்டர் இருப்பது முழு அளவுப் பலகைகளின் வழக்கம். பையில் வைப்பதற்கென்று இதைக் குறுக்கிய பலகைகளில், எந்த ஸ்விட்ச் இருந்தாலும் விரல் இடம் தவறும். வீட்டில் ஒன்று, அலுவலகத்தில் வேறொன்று என்று மாறி மாறி அடிப்பதும் வேகத்தைக் கெடுக்கும். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரியான பலகை இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான்கைந்து விரல்களால் அடித்தே 55 சொற்கள் வருகின்றன. பத்து விரல் முறையை இனிக் கற்றுக்கொள்வது தேவையா?

பதில்: கட்டாயம் இல்லை. ஆல்டோ, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில் 1,68,000 பேருடைய தட்டச்சு பதிவு செய்யப்பட்டது; அவர்களுடைய சராசரி வேகம் நிமிடத்துக்கு 52 சொற்கள். முறையாகப் பயிற்சி பெற்றவர்களுக்கும், குறைந்த விரல்களால் தாமாகவே பழகியவர்களுக்கும் இடையே வேகத்தில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. எத்தனை விரல்கள் என்பதைவிட, ஓர் எழுத்தை எப்போதும் ஒரே விரலால் அடிக்கிறோமா, கை இடம்விட்டு அலையாமல் இருக்கிறதா என்பவையே வேகத்தைத் தீர்மானிக்கின்றன.

அச்சிட்ட தாளைப் பார்த்து அடிப்பவராகவோ, பேச்சைக் கேட்டு அடிப்பவராகவோ இருந்தால் என் பதில் மாறும். அங்கே கண்ணை விசைப்பலகையின் பக்கம் திருப்பவே கூடாது; அதற்குப் பத்து விரல் முறையைப் போல வேறொன்று இல்லை. எஃப், ஜே விசைகளில் உள்ள சிறு மேடுகள், பார்க்காமலேயே ஆள்காட்டி விரல்கள் தம் இடத்தைக் கண்டுகொள்வதற்காக வைக்கப்பட்டவை. முதல் சில வாரங்கள் வேகம் பாதியாக விழும். அவசர வேலை உள்ள மாதத்தில் தொடங்காதீர்கள்.

கையா, கருவியா என்ற இந்த வழக்கு பழையது. 1888-இல் சின்சினாட்டி நகரில் நடந்த போட்டியில், விசைகளைப் பார்க்காமல் அடித்த ஃபிராங்க் மெக்கரின், லூயி டிராப் என்பவரை வென்றார். மெக்கரினின் பொறியில் ஷிஃப்ட் விசை உண்டு. டிராபின் பொறியிலோ பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் தனித்தனி விசைகள். வென்றது பழக்கமா, பொறியா என்று அன்றே வாதிட்டிருக்கலாம்.

கேள்வி: விசைப்பலகைகளில் வழக்கமாக உள்ள ‘குவெர்ட்டி’ எழுத்து அமைப்பு வேகத்தைக் குறைப்பதற்காகவே உருவாக்கப்பட்டது என்று படித்தேன். டுவோராக், கோல்மேக் போன்ற மாற்று அமைப்புகளுக்கு மாறினால் பயன் உண்டா?

பதில்: வேகத்தைக் குறைப்பதற்காக என்பது மிகைப்படுத்திச் சொல்லப்படும் கதை. இந்த அமைப்பை உருவாக்கிய கிறிஸ்டோபர் ஷோல்ஸின் தட்டச்சுப்பொறிகளில் அச்சுக்கம்பிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வது பெரிய தொல்லையாக இருந்தது. எழுத்துகளின் இடங்கள் பலமுறை மாற்றப்பட்டு, 1878-இல் அவர் பெற்ற காப்புரிமையில் இன்றைய அமைப்பு ஏறத்தாழ அப்படியே காணப்படுகிறது. கம்பி சிக்காவிட்டால் வேகம் கூடுமே தவிரக் குறையாது.

பேராசிரியர் ஆகஸ்ட் டுவோராக் தம் அமைப்புக்கு 1936-இல் காப்புரிமை பெற்றார். அடிக்கடி வரும் ஆங்கில எழுத்துகளை நடுவரிசையில் வைத்ததால், விரல்கள் மேலும் கீழும் தாவுவது மிகவும் குறைகிறது. இதில் ஐயம் இல்லை. வேகம் கூடுகிறதா என்பதுதான் வழக்கு. 1944-இல் அமெரிக்கக் கடற்படையில் நடந்த சோதனை அதற்குச் சாதகமாக அமைந்தது. ஆனால் டுவோராக்குக்கே அதில் தொடர்பு இருந்தது என்பதைப் பின்னாளில் லீபோவிட்ஸ், மார்கோலிஸ் என்ற பொருளியலாளர்கள் 1990-இல் சுட்டிக்காட்டினர். அமெரிக்க அரசுக்காக ஏர்ல் ஸ்ட்ராங் 1956-இல் நடத்திய சோதனையில், டுவோராக்குக்கு மாறியவர்களுக்குச் செலவிட்ட அதே பயிற்சி நேரத்தைப் பழைய அமைப்பிலேயே செலவிட்டவர்கள் பின்தங்கிவிடவில்லை.

விரல் அலைச்சலைக் குறைக்க விரும்பினால் மாறலாம். அப்போதும் 2006-இல் வெளியான கோல்மேக் எளிதாக இருக்கும். அதில் இடம் மாறுபவை 17 விசைகள் மட்டுமே, நகலெடுக்கவும் ஒட்டவும் பயன்படும் குறுக்குவழி விசைகளும் பழைய இடத்திலேயே இருக்கின்றன. வேகத்துக்காக மாற நினைத்தால், அந்த மாதங்களை முதல் பதிலில் சொன்ன பயிற்சிக்குக் கொடுங்கள்.

கேள்வி: ஆங்கிலத்தில் 50 வருகிறது, தமிழில் 20-ஐத் தாண்டவில்லை. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் முறையைப் பயன்படுத்துகிறேன். தமிழ்99-க்கு மாறினால் வேகம் கூடுமா?

பதில்: கூடும். ஆனால் அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். ‘வந்துகொண்டிருந்தார்கள்’ என்பது தமிழில் ஒரே சொல். அதே பொருளுக்கு ஆங்கிலத்தில் மூன்று சொற்கள் வேண்டும். இடைவெளியை வைத்துச் சொற்களை எண்ணும் சோதனையில் தமிழ் எப்போதும் மெதுவாகவே தெரியும். நிமிடத்துக்கு எத்தனை அழுத்தங்கள் என்று மட்டும் பாருங்கள்.

1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டை ஒட்டி, தமிழ்நாடு அரசு தரப்படுத்திய தமிழ்99 அமைப்பில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் வலக்கைப் பக்கமும் இருக்கின்றன; ஆகவே பெரும்பாலான சொற்களில் இரு கைகளும் மாறி மாறி இயங்கும். அகரமேறிய மெய்க்கு ஒரே அழுத்தம் போதும். ஒரே மெய் இரட்டித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். ‘ங’வை அடுத்துக் ‘க’, ‘ந’வை அடுத்துத் ‘த’ என மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் அப்படியே. ‘அம்மா’வுக்கு அ, ம, ம, ஆ என நான்கு அழுத்தங்கள். ‘தங்கம்’ என்பதற்கு த, ங, க, ம, புள்ளி என ஐந்து. ஆங்கில எழுத்து வழியில் அதற்கே ஏழு அல்லது எட்டு ஆகும். ‘மமதை’ போன்ற சொற்களில் மட்டும் முதல் ‘ம’வை அடுத்து ‘அ’ விசையைத் தட்டினால், தானாக விழும் புள்ளி தடுக்கப்படும்.

அழுத்தங்கள் குறைவதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றும் ஆதாயம் ஒன்று உண்டு. ல, ள, ழ, ர, ற, ந, ண, ன ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனி விசை இருப்பதால், இந்த ‘ண’வுக்கு ஷிஃப்ட் வேண்டுமா என்ற யோசனையே எழாது. ஷிஃப்ட் தேவைப்படுவது பெரும்பாலும் ஜ, ஸ, ஷ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளுக்குத்தான். மாறுகிறவர்கள் ஒரு மாதமாவது பழைய முறையை முற்றிலும் அணைத்துவைக்க வேண்டும். அவசரத்துக்குப் பழையதை நாடினால் இரண்டுமே தடுமாறும். பழைய தட்டச்சுப்பொறி அமைப்பில் ஏற்கெனவே வேகமாக அடிப்பவர்கள் மாற வேண்டியதில்லை. அதே அமைப்பு கணினியிலும் கிடைக்கிறது.

கேள்வி: விசை அழுத்தப்பட்டதா என்று நொடிக்கு ஆயிரம் முறை சரிபார்க்கும் கேமிங் கீபோர்டு தட்டச்சுக்கு உதவுமா?

பதில்: உதவாது. நொடிக்கு 125 முறை சரிபார்க்கும் பலகையில் அதனால் நேரும் தாமதம் மிஞ்சிப்போனால் 8 மில்லிநொடி. 60 சொற்கள் வேகத்தில் இரு அழுத்தங்களுக்கு இடையே 200 மில்லிநொடி இருக்கிறது.

கேள்வி: நீண்ட நேரம் அடித்தால் மணிக்கட்டு வலிக்கிறது. கையணை வைத்த கீபோர்டு வாங்கலாமா?

பதில்: அதற்கு முன், பலகையின் பின்புறம் உள்ள இரு சிறு கால்களையும் மடக்கிவிடுங்கள். அவற்றை நிமிர்த்தினால் எழுத்துகள் நன்றாகத் தெரியும். ஆனால் கை மணிக்கட்டில் மேல்நோக்கி வளைந்தே இருக்க நேரும், வலிக்கு அது ஒரு முக்கியக் காரணம். விசைகள் முழங்கையின் உயரத்திலோ சற்றுக் கீழேயோ இருக்கும்படி நாற்காலியை உயர்த்துங்கள். கையணை, அடிக்காத வேளையில் உள்ளங்கையை ஓய்வாக வைப்பதற்கு மட்டுமே. மணிக்கட்டை அதில் ஊன்றியபடி அடித்தால் வலி கூடும். எண்களை அதிகம் அடிக்காதவர் என்றால், வலப்பக்க எண்தொகுதி இல்லாத குட்டையான பலகை நல்லது. மவுஸ் அருகில் வந்துவிடுவதால் தோள் விலகி நீள வேண்டியதில்லை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றில் மரத்துப்போகும் உணர்வு இருந்தாலோ, இரவில் அதனால் விழிப்பு வந்தாலோ, கீபோர்டு தேடுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: எழுத்தே அச்சிடப்படாத விசைமூடிகள் கிடைக்கின்றன. பார்க்காமல் அடிக்கப் பழக அவை உதவுமா?

பதில்: உதவும்தான், ஆனால் கைகளின்மேல் ஒரு மெல்லிய துணியைப் போர்த்திக்கொண்டாலும் அதே பயிற்சி செலவின்றிக் கிடைக்கும். வாங்கியே தீர வேண்டும் என்றால், மேல்வரிசையில் உள்ள எண்களும் குறிகளும் மட்டுமாவது அச்சிட்டவையாக இருக்கட்டும். அடிப்பது திரையில் தெரியாத கடவுச்சொல் பெட்டியில், எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையே தடவிக்கொண்டிருக்க நேராது.