ஏழை நாடுகளின் சூரிய மின்சார ஆய்வுக்கு வங்கிக் கடன் போதாதா, மானியம் எதற்கு?

புதிய தொழில்நுட்பத்தையோ விற்பனை முறையையோ முதன்முதலாகச் சோதிக்கத் தரப்படும், திருப்பிக் கேட்கப்படாத பணமே ஆய்வு மானியம்.

சோதனை தோற்றால் நட்டம் ஒருவருக்கு. வென்றாலோ பலன் ஊருக்கே. ஒரு கிராமத்தில் முதல் ஆழ்துளைக் கிணறு தோண்டுபவரை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் வந்துவிட்டால் பக்கத்துத் தோட்டக்காரர்கள் துணிந்து தோண்டுவார்கள்; வராவிட்டால் கடன் அவர் தலையில் மட்டும். அதனால்தான் வங்கிகள் தயங்குகின்றன.

கென்யாவைப் பாருங்கள். கைப்பேசிவழிப் பணம் அனுப்பும் எம்-பெசா சேவை 2007இல் தொடங்கியது. அதன் முன்னோட்டச் சோதனைக்குப் பிரிட்டன் அரசு மானியம் தந்தது. விளக்குக்காக அல்ல, பணப்பரிமாற்றத்துக்காக! ஆனால் அந்த வசதி இருந்ததால்தான் 2012இல் எம்-கோபா நிறுவனம் சூரியத் தகடும் விளக்குகளும் கொண்ட தொகுப்பைத் தினத் தவணையில் விற்க முடிந்தது. தவணை நின்றால் கருவிக்குள் இருக்கும் சிம் வழியாக இணைப்பைத் தற்காலிகமாக நிறுத்திவிடலாம். மண்ணெண்ணெய்க்கு அன்றாடம் செலவழித்த குடும்பங்களுக்கு இந்த முறை பொருந்தியது. இப்படிப்பட்ட இணைப்புகளை யாராலும் முன்கூட்டிக் கணிக்க முடியாது என்பதே மானியத்துக்கு வலுவான நியாயம் என்பேன்.

பலர் நினைப்பதுபோல இது இலவச விளக்கு வழங்கும் திட்டம் அல்ல. கென்யக் குடும்பங்கள் தங்கள் விளக்குக்குத் தாங்களே பணம் கட்டினார்கள்.