ஒன்றரை வேகத்தில் ஒரு வீடு

அன்புள்ள சார்,

நீங்கள் திரும்பத் திரும்ப எழுதுகிறீர்களே என்று பாலு மகேந்திராவின் ‘வீடு’ படத்தைப் பார்த்தேன். வேலைக்காக தினமும் தாம்பரத்திலிருந்து பீச் வரை ரயிலில் போய் வருகிறவன் நான். இரண்டு நாளில், ஃபோனில், ஒன்றரை வேகத்தில் ஓட்டி முடித்தேன். அப்படியும் மெதுவாகத்தான் இருந்தது. கதை ஒரு வரிதான்: வீடு கட்டுகிறார்கள், கான்ட்ராக்டர் ஏமாற்றுகிறான், தாத்தா செத்துப்போகிறார், கடைசியில் நிலமும் சிக்கலில் மாட்டுகிறது. இதற்கு எதற்கு இவ்வளவு நேரம்?

இன்னொன்று. மெகா சீரியல் இழுவை என்று கிண்டல் செய்கிற நீங்களே ‘மெட்டி ஒலி’யை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறீர்கள். விறுவிறுப்பாகப் போகிற ‘சுழல்’ வெப் தொடர் மட்டும் உங்களுக்கு ஆகவில்லை. ‘வீடு’ மெதுவாகப் போனால் கலை, மற்ற சீரியல் மெதுவாகப் போனால் இழுவை, மெட்டி ஒலி மெதுவாகப் போனால் வாழ்க்கை. இது உங்கள் சொந்த ரசனை, அவ்வளவுதானே? என் அம்மா மெட்டி ஒலி ரசிகை, அதனால் உங்கள் கட்சி. நான் இல்லை.

க., தாம்பரம்

அன்புள்ள க.,

சொந்த ரசனைதான், அதில் தகராறே இல்லை. கலை, இழுவை, வாழ்க்கை என்று நீங்கள் அடுக்கியதைப் படித்துவிட்டுச் சிரித்தேன். வீட்டில் படித்துக் காட்டினேன், அவர்களும் சிரித்தார்கள். கொஞ்சம் அதிகமாகவே.

ஆனால் ஒரு சோதனை செய்து பார்த்தேன். உங்கள் கடிதம் வந்த அன்றிரவு நானும் ‘வீடு’ படத்தை ஒன்றரை வேகத்தில் ஓட்டினேன். அர்ச்சனாவும் பானுசந்தரும் பேசுகிற இடங்கள் பெரிதாகக் கெடவில்லை, ஒத்துக்கொள்கிறேன். அலுவலகக் காட்சிகளும் அப்படியே. அப்புறம் தாத்தா வந்தார். குடையோடு தனியாகக் கிளம்பி, பாதி கட்டிய வீட்டைப் பார்க்கப் போகிற காட்சி. தாத்தாவாக நடித்த சொக்கலிங்க பாகவதருக்கு அப்போது எண்பதை ஒட்டிய வயது. ஒன்றரை வேகத்தில் அவர் விறுவிறுவென்று நடக்கிறார். வயதில் பாதி போய்விட்டது. ரேஷன் கடை மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்பவர் மாதிரி இருக்கிறது. சாதாரண வேகத்தில் அதே ஆள் ஒரு காலை ஊன்றிவிட்டு அடுத்த காலை எடுத்து வைப்பதற்கு நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில்தான் நமக்கு ‘இவர் வீடு திரும்பிவிடுவாரா?’ என்று அடிவயிற்றில் ஒரு கலக்கம் வருகிறது. பூசாத சுவர் பக்கத்தில் அவர் நிற்கிறபோது பின்னால் இளையராஜாவின் வயலின்கள். ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பத்திலிருந்து எடுத்து வைத்தவை. படத்தில் பாட்டே கிடையாது, இருக்கிற இசையையும் நீங்கள் நசுக்கிவிட்டீர்கள். அவர் திரும்பி வரும் வழியில் சாய்கிறார். வேகமாக ஓட்டினால் அது செய்தி. நீங்கள் எழுதியிருப்பதும் செய்தி மாதிரியேதான் இருக்கிறது: ‘தாத்தா செத்துப்போகிறார்.’

இந்தப் படத்தில் எனக்கு ஒரு சொந்தக் கணக்கும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் பார்த்தது தூர்தர்ஷனில், ஒரு ஞாயிறு மதியம், மாநில மொழிப் படம் போடும் நேரத்தில். சின்னப் பையன். தூங்கிவிட்டேன். (ஆகவே உங்களைக் குறை சொல்ல எனக்கு அவ்வளவு யோக்கியதை இல்லை.) இரண்டாவது முறை பார்த்தது நானே புறநகரில் ஒரு வீட்டை எழுப்பிக்கொண்டிருந்தபோது. லிண்டல் மட்டம் வரை வந்திருந்தது. கான்கிரீட்டுக்கு நாற்பது மூட்டை சிமென்ட் இறங்கியதாக மேஸ்திரி கணக்குக் கொடுத்தார், நானும் பணம் கொடுத்தேன். சாயங்காலம் ஒரு சித்தாள் அம்மா, கையைக் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், “மூட்டைய எண்ணாதீங்க சார், காலிச் சாக்க எண்ணுங்க” என்றார். எண்ணினேன். முப்பத்துமூன்று. அடுத்த நாள் அந்த அம்மா வேலைக்கு வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. ‘வீடு’ படத்திலும் கட்டட வேலை செய்யும் ஒரு பெண்தான் சிமென்ட் திருட்டைப் போட்டு உடைப்பார். 1988இல் வந்த படம். எத்தனை வருடம் கழித்துப் பார்த்தாலும் சாக்குக் கணக்கு மட்டும் மாறவில்லை. பாலு மகேந்திரா சின்ன வயதில் மட்டக்களப்பில் தன் அம்மா வீடு கட்டப் பட்ட பாட்டைப் பார்த்தவர். வீடு கட்டி முடிப்பதற்குள் அம்மா வேறு ஆளாக மாறிப்போனதைச் சொல்லியிருக்கிறார். படத்தில் வீடு கட்டுகிற அர்ச்சனாவின் முகம் காட்சிக்குக் காட்சி இறுகிக்கொண்டே போகும், கவனித்தீர்களா? இந்தப் படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது அவருக்குத்தான் போனது. அந்த முகத்தை ஒரு வரிக் கதையில் அடக்க முடியாது.

சரி, சீரியல். இங்கே நீங்கள் என்னை மடக்கியது நியாயம்தான். நான் பல இடங்களில் வாய்க்கு வந்தபடி கிண்டல் செய்திருக்கிறேன். யாராவது ஒரு வார்த்தை சொன்னதும் கேமரா எல்லார் முகத்துக்கும் மூன்று முறை பாயும், ‘டமார்’ என்று சத்தம், அப்புறம் விளம்பரம். இன்றைக்கும் எனக்கு அதைச் சகிக்க முடியாது. ஆனால் என் அம்மா சீரியலைப் ‘பார்த்து’ நான் கண்டதே இல்லை. டிவி கூடத்தில் ஓடும், அம்மா அடுப்படியில் மாவு கரைத்துக்கொண்டிருப்பாள். காதில் விழும். சொன்னதையே இன்னொரு ஆள் வந்து இன்னொரு முறை சொன்னால்தான் தாளிக்கிற சத்தத்தில் விட்டுப்போனது அவளுக்குக் கிடைக்கும். ‘டமார்’ என்றால் கரண்டியோடு ஓடிவந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். அந்த இழுவை சோபாவில் உட்கார்ந்திருக்கிற எனக்காகப் போட்டதில்லை என்பது எனக்குப் புரியவே இருபது வருடம் ஆனது.

மெட்டி ஒலிக்கு மட்டும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவாள். என் வாதமே அவ்வளவுதான். 2002இல் ஆரம்பித்து 811 பகுதிகள். திருமுருகன் இயக்கி, நடித்தது. ஐந்து பெண்களைப் பெற்ற அப்பாவாக டெல்லி குமார், பெண் கொடுத்த வீட்டு வாசலில் உள்ளே போவதா, நிற்பதா என்று தயங்குவார். சம்பந்தி வீட்டார் ‘உட்காருங்க’ என்று சொல்கிற வரை நிற்பார், சில நாள் சொல்லவே மாட்டார்கள். எங்கள் தாத்தா அப்படி நின்று நான் பார்த்திருக்கிறேன். அந்தக் காட்சியை வெட்டிச் சின்னதாக்கினால் அவமானம் காணாமல் போய்விடும். குறையும் நிறைய உண்டு: கடைசிப் பகுதி பூராவும் அழுகை, எனக்கே சலித்துவிட்டது. 2020 ஊரடங்கில் மறுபடி ஒளிபரப்பியபோது நாலு வாரத்துக்கு மேல் நான் தாங்கவில்லை. அம்மா தாங்கினாள்.

‘சுழல்’ மோசம் என்று நான் சொன்னதில்லை, ஒட்டவில்லை என்றேன். 2022இல் வந்தபோது எட்டுப் பகுதியையும் ஒரே ராத்திரியில் பார்த்து முடித்தேன். பார்த்திபனுக்காக இன்னொரு ராத்திரி கூட விழித்திருப்பேன். ஆனால் ஒவ்வொரு பகுதியும் முடிகிற இடத்தில் ‘எங்கே போகிறாய், உட்கார்’ என்று சட்டையைப் பிடித்து இழுக்கிறது. அதனாலேயே மறுநாள் காலையில் யார் என்ன செய்தார்கள் என்பதுதான் ஞாபகத்தில் இருந்தது, யாருடைய முகமும் இல்லை. கதை முழுக்க அங்காளம்மன் கோயில் திருவிழாவான மயானக் கொள்ளை வருகிறது. மேல்மலையனூரில் மாசி மாதக் கூட்டத்தில், சூறைவிட்ட தானியமும் காசும் தலையில் விழ, செருப்பைத் தொலைத்துவிட்டு நின்றவன் நான். தொடரில் வருகிற திருவிழா அழகாக இருந்தது. செருப்பு தொலைகிற திருவிழா மாதிரி இல்லை. உங்களுக்கு அது ஒரு குறையாகத் தெரியாமலிருக்கலாம். நீங்கள் சொன்ன சொந்த ரசனை இந்த இடத்தில் வேலை செய்கிறது என்று ஒத்துக்கொள்கிறேன்.

முழுப் படத்தையும் மறுபடி பார்க்கச் சொல்ல மாட்டேன். தாத்தா குடையை எடுக்கிற இடத்திலிருந்து அவர் சாய்கிற வரை மட்டும், சாதாரண வேகத்தில், ரயிலில் இல்லாமல் வீட்டில் ஒருமுறை பாருங்கள். அப்போதும் மெதுவாக இருந்தால் எழுதுங்கள், போடுகிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கம். மெட்டி ஒலியில் எந்த மாப்பிள்ளை மேல் அவருக்குக் கோபம் அதிகம் என்று கேட்டுச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.