டாக்டரிடம் கேளுங்கள்

கேள்வி: சளி பிடித்தாலே என் கணவர் மெடிக்கலில் அசித்ரோமைசின் வாங்கிப் போட்டுக்கொள்கிறார். கேட்டால், “என் உடம்பு, உனக்கென்ன?” என்கிறார். அவரோடு போகிற விஷயம்தானா இது?
– வாசகி, தேனி

பதில்: இல்லைம்மா. சளிக்குக் காரணம் வைரஸ். அந்த மாத்திரை பாக்டீரியாவுக்கானது. சளி தானாகவே சரியாகிறது; பெயர் மட்டும் மாத்திரைக்கு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

ஆனால் அவர் குடலில் சாதுவாக இருக்கும் பாக்டீரியாக்களில் மருந்துக்கு அடங்குபவை சாகும், அடங்காதவை பெருகும். அவை மருந்தை எதிர்க்கும் மரபணுவை வேறு இனக் கிருமிகளுக்கும் கைமாற்றும். கழிவுநீர், கழுவாத கை வழியே அடுத்தவர் குடலுக்கும் போகும். அசித்ரோமைசின் இன்று டைபாய்டுக்கு நம் கையிலிருக்கும் மிகச் சில மாத்திரைகளில் ஒன்று என்பதை அவரிடம் சொல்லுங்கள்.

இப்படி மருந்துக்கு அடங்காத கிருமிகளை ஐ.சி.யூ.வில் பார்க்கிறோம். கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவுக்கு எந்த மருந்து வேலை செய்யும் என்று சொல்லும் கல்ச்சர் ரிப்போர்ட்டைப் பிரித்தால், வரிசையாக எல்லா மருந்துக்கும் நேரே ‘ஆர்’, அதாவது ‘வேலை செய்யாது’. மிச்சம் கொலிஸ்டின். சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று ஓரங்கட்டிய பழைய மருந்து; தினமும் கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துக்கொண்டே ஏற்றுகிறோம். அதையும் கோழித் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள் (2019இல்தான் தடை வந்தது!). சிசேரியன், கீமோதெரபி எல்லாமே, கிருமி தொற்றினால் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகள் காப்பாற்றும் என்று நம்பித்தான் நடக்கின்றன.

உங்கள் கணவருக்கு ஆவி பிடிக்கக் கொடுங்கள். மூச்சுத்திணறலோ, மூன்று நாள் தாண்டிய காய்ச்சலோ இருந்தால் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.